கொக்கு என்று எழுதினால் போதுமா?

நாங்கள் என்றால் ரெண்டு பேர். தெமட்டகொடையில் கால்வாய்க்குக் கிட்ட, ஒரே ஒழுங்கையில் வளர்ந்த சிநேகிதிகள். கதை எழுதினாலும் சேர்ந்துதான், குருவி பார்க்கப் போனாலும் சேர்ந்துதான்.

குருவி பார்க்கத் தூரம் போகத் தேவையில்லை. 2018இல் ராம்சார் ஈரநில நகரங்கள் என்று உலகத்தில் முதன்முதலாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. எங்கட கால்வாய் நாறும், பிளாஸ்டிக் போத்தல் மிதக்கும். ஆனாலும் காலையில் பாலத்தில் நின்றால் நீர்க்காகம், மீன்கொத்தி, கரையில் வெயில் காயும் கபரகொய்யா எல்லாம் காணலாம்.

தொடக்கத்தில் வெள்ளையாக எது நின்றாலும் எங்களுக்குக் கொக்குதான். பார்க்கப் பார்க்கத்தான் பிரிபட்டது. கறுப்புக் காலும் மஞ்சள் விரலும் இருந்தால் அது சின்னக் கொக்கு. மஞ்சள் அலகோடு மாட்டுக்குப் பின்னால் திரிவது உண்ணிக்கொக்கு. அதுக்கும் முட்டையிடும் காலத்தில் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகிவிடும். குருட்டுக் கொக்கு இன்னொரு மாதிரி. இருக்கும்போது சேற்று நிறம், பக்கத்தில் நின்றாலும் தெரியாது. எழும்பிப் பறந்தால் செட்டை முழுக்க வெள்ளை. முதல் தடவை பார்த்தபோது வேறொரு பறவை என்றே நினைத்தோம்.

இவ்வளவு பொறுமையாகக் கொக்கைப் பார்த்த நாங்கள்தான் போன வருஷம் ஒரு கதை எழுதினோம். எங்கட ஒழுங்கையைப் பற்றிய கதை. அதில் ஒரு முஸ்லிம் பெண் வருவா. பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தருவா, அழுகிற நாயகியின் தலையைத் தடவுவா, துஆ செய்வா, போய்விடுவா. நல்ல மனுசியாகத்தான் எழுதியிருந்தோம். அந்தப் பெருமையில் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் வாசிக்கக் குடுத்தோம். அந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரியே அவதான்.

வாசித்து முடித்துவிட்டு ராத்தா கேட்டா: "நல்லாத்தான் இருக்கு புள்ள. ஆனா இதில நான் எங்க? வட்டிலப்பம் மட்டும்தானே இருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டா. எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ராத்தா வீட்டில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஸ்கூல் யூனிஃபோர்ம், சாரி பிளவுஸ் எல்லாம் தைப்பா. கிரிக்கெட் மெச் நடந்தால் தையலை நிப்பாட்டிவிடுவா. மீன் தலையைக் கபரகொய்யாவுக்கு எறிந்துவிட்டு அதோடு சண்டையும் பிடிப்பா. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். எழுத உட்கார்ந்தபோது ஒன்றும் வரவில்லை. நாங்கள் பார்த்த படங்களிலும் வாசித்த கதைகளிலும் இருந்த 'நல்ல முஸ்லிம் அயல்' வந்து கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டது.

குயிலுக்கும் இதுதான் நடந்தது. பாட்டிலும் படத்திலும் 'பாடும் குயில்' என்றால் பெண்தான். சித்திரைப் புதுவருஷம் வருகுது என்று இங்கே எங்களுக்குச் சொல்கிற அந்தக் 'கூ...ஊ' உண்மையில் ஆண் குயிலின் குரல். பெண் குயிலுக்கு உடம்பெல்லாம் புள்ளி, குரலும் வேற, 'கிக் கிக்' என்று. மரத்தைப் பார்க்காமல் முன்னைய பாட்டைப் பார்த்தே அடுத்த பாட்டை எழுதினால் அப்படித்தான் வரும்.

ராத்தாவிடம் திரும்பப் போனோம். இந்த முறை கேட்கப் போனோம்.

2019 ஏப்ரல் 21 பற்றி அவவே தொடங்கினா. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த அதே நாளில், தெமட்டகொடையில் ஒரு வீட்டைச் சோதிக்கப் போன மூன்று பொலிஸார் அங்கே நடந்த வெடிப்பில் உயிரிழந்தார்கள். அப்போது நாங்கள் ஸ்கூல் பிள்ளைகள். ஊர் பேர் நியூஸில் வந்தது ஞாபகம் இருக்கிறது. அதுக்குப் பிறகு நாங்கள் கண்ட கதைகளிலும் முஸ்லிம் பாத்திரம் ரெண்டே விதம்தான்: ஒன்று சந்தேகத்துக்குரியவர், மற்றது அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க அளவுக்கு மிஞ்சி நல்லவர். எங்கட வட்டிலப்பம் ரெண்டாவது வகை.

ராத்தா சொன்னது இதுதான்: "அந்தக் கிழமையும் அதுக்கடுத்த கிழமையும் ஒருத்தரும் உடுப்பெடுக்க வரேல்ல. தச்சு முடிச்ச ஆறு பிளவுஸ் கம்பியில தொங்கிச்சு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதில் ஒன்று ஆருடையது என்றும் சொன்னா. எங்களில் ஒருத்தியின் அம்மாவுடையது.

எங்கட கதையில் ராத்தா தலையைத் தடவினா. நிஜத்தில் அவவைத் தனியே விட்டது நாங்கள்.

குறுந்தொகையில் கபிலரின் பாட்டொன்று இருக்கிறது. தலைவனும் தலைவியும் சேர்ந்த நேரத்தில் சாட்சிக்கு வேறு ஆரும் இல்லை, ஒரு குருகு மட்டும் நின்றது. அந்தக் குருகோ ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. முன்பு இதைப் பரீட்சைக்குப் படித்தோம். இப்போதுதான் விளங்கியது. தலைவிக்கு எவ்வளவு பெரிய துயரம் என்றாலும், குருகுக்குத் தன் பசி, தன் வேலை. கபிலர் அதை அவளுக்காக அழவைக்கவில்லை. எங்கட கதையில் ராத்தாவுக்கு ஒரு பசியும் இல்லை, ஒரு வேலையும் இல்லை. நாயகிக்கு ஆறுதல் சொல்வதுதான் அவட முழுநேர உத்தியோகம்.

ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். கொக்கைப் பார்க்கிற மாதிரி மறைந்து நின்று மனுசரைப் பார்க்க ஏலாது. கொக்கு எங்கட குறிப்பை வாசிக்காது. ராத்தா வாசிப்பா, பதிலும் சொல்லுவா. அதனால் பார்ப்பது பாதிதான். கேட்க வேணும், எழுதினதைக் காட்ட வேணும், அவையளே எழுதினதையும் வாசிக்க வேணும். எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' 1992இலேயே புத்தகமாக வந்தது. முஸ்லிம் பாத்திரம் எழுத உட்கார்ந்த எங்களுக்கு அதுவரை அதைத் தேடி எடுக்கத் தோன்றவில்லை. கிழக்கிலங்கை முஸ்லிம்களை உள்ளிருந்து எழுதியவர் அவர். அவரை வாசித்த பிறகு எங்கட கதையைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

கதையைத் திருப்பி எழுதினோம். வட்டிலப்பம் போய்விட்டது. கம்பியில் தொங்கும் ஆறு பிளவுஸ் வந்தது. அதில் ராத்தா ஒருதரம் கோபப்படுகிறா, ஒரு வாடிக்கைக்காரியின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறா. அளவுக்கு மிஞ்சி நல்லவவாக இருக்கும் வேலையிலிருந்து அவவுக்கு விடுதலை.

அதையும் வாசித்தா. ரெண்டு திருத்தம் சொன்னா. மெஷினில் நூல் அறுந்தால் நாங்கள் எழுதின மாதிரிச் சத்தம் வராதாம். மற்றது, "என்ட பேரப் போடாதீங்க. பிளவுஸ் கதைய எழுதுங்க, அது நடந்ததுதானே."

பேர் போடவில்லை, இங்கேயும் போடவில்லை.

அம்மாவுக்குத்தான் இன்னும் காட்டவில்லை. ராத்தாவிடம் கதையை நீட்டியபோது வராத பயம் இப்போது வருகிறது. அந்த பிளவுஸை அம்மா பிறகு எடுத்தாவா, என்ன சொல்லி எடுத்தா என்று எங்களுக்குத் தெரியாது. முதலில் அதை அவவிடம் கேட்க வேணும். கேட்ட பிறகு கதை இன்னொருமுறை மாறும்.