பால்மரத் துளியும் படலத்தின் அலைச்சலும்

பால்மரத்தின் வெட்டுக்கோட்டிலிருந்து மங்கு எனும் கிண்ணத்தில் சொட்டும் பால் கண்ணுக்கு ஒரே வெள்ளைத் திரவமாகத் தெரிந்தாலும், நுண்ணோக்கியின் அடியில் அது ஓயாமல் அலையும் எண்ணற்ற ரப்பர் துகள்களாகப் பிரிந்துவிடுகிறது. லிப்பிட் எனும் கொழுப்புப் பொருளும் புரதமும் சேர்ந்த மெல்லிய போர்வை ஒவ்வொன்றையும் சுற்றியிருப்பதாலேயே அவை ஒட்டிக்கொள்ளாமல் மிதக்கின்றன.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் 1896இல் ரப்பர் நட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின், பாரிசில் விக்டர் ஆன்ரி ரப்பர் பாலின் துகள்களை, நுண்ணோக்கியோடு இணைத்த சினிமாக் கருவியால் படமெடுத்தார். ஒரு துகள் அடுத்தடுத்த படங்களில் நின்ற இடங்களைப் புள்ளிகளாக்கி இணைத்தபோது, நீர் மூலக்கூறுகள் மோதுவதால் விளையும் பிரவுன் இயக்கம் கோணல்மாணலான கோடாக விரிந்தது. அவர் அளந்த தொலைவு ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுக் கணக்கைவிடப் பெரிதாக வந்ததும், பின்னர் ழான் பெரன் மஞ்சள் மரப்பிசினின் துகள்களைக் கொண்டு அக்கணக்கே சரியென நிறுவியதும் அறிவியல் வரலாறு. எனினும் ஆன்ரியின் மற்றொரு குறிப்பே இங்கு உள்ளத்தைப் பிடித்திழுக்கிறது: பாலில் அமிலம் கலந்தால் துகள்களின் அலைச்சல் தளர்கிறது என்றார் அவர். தோட்டத்து ஸ்டோரில் தட்டுத் தட்டாகப் பாலை ஊற்றி ஆசிட் கலந்து உறையவைத்தவர்களின் அன்றாட வேலையை, அவர்களை அறியாத ஒருவர் படச்சுருளில் தொட்டிருக்கிறார்.

துகள் நீரில் அலையாமல் லிப்பிட் படலத்துக்குள்ளேயே அலைந்தால் விதி மாறுகிறது. ஒளிரும் சாயமேற்றிய மூலக்கூறுகளுள்ள படலத்தில் ஒரு புள்ளியை லேசரால் மங்கச் செய்து, அங்கே ஒளி மீள எடுக்கும் நேரத்தைக் கொண்டு பரவல் வேகத்தை நுண்ணோக்கியில் அளக்கிறார்கள். நீரில் உருண்டையின் ஆரம் இருமடங்கானால் பரவல் பாதியாகும்; படலத்திலோ அளவு பெருகினாலும் வேகம் சிறிதே குறையும் என சாஃப்மனும் டெல்புரூக்கும் 1975இல் கணித்துக் காட்டினர்.

அத்தகைய படலம் சூழ்ந்த நுண்பைகள் பாலிலும் உண்டு, அவை லூட்டாய்டுகள். மரத்தை வெட்டியதும் பால் குழாய்களில் அழுத்தம் குறைய, சுற்றுத் திசுவின் நீர் உள்ளே ஊறிப் பாலை நீர்க்கச் செய்கிறது. பைகள் உப்பி உடைந்து, உள்ளிருக்கும் அமிலச் சாறு ரப்பர் துகள்களைத் திரளவைத்துக் குழாய்வாயை அடைக்கிறது. நீர்த்த பாலில் துகள்கள் திரள்வதைக் குழாய் அடைபடும் முறையோடு இணைத்து, பாக்கியநாதன், போட்மேன், டேசம் மூவரும் மலாயா ரப்பர் ஆய்வு நிறுவனத்தின் இதழில் 1966இல் எழுதினர். மரத்தில் நீர்ப்பிடிப்பு மிகுந்த விடியலுக்கு முன்பே பால் வெட்டப் புறப்பட்ட மலாக்காத் தோட்டத்தார், நின்றுபோன பாலின் மிச்சமாகக் கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலையும் மறுமுறை உரித்தெடுத்து நிறுத்துக் கொடுத்தனர்.