பாட்டியின் காசுமாலை

கண்டமங்கலத்தில் ஓர் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தபோது, அண்ணனும் தம்பியும் ஒரு காசுமாலையை நம்முன் வைத்து நியாயம் கேட்டனர். மூன்று தலைமுறை மணப்பெண்கள் அணிந்து பீடத்தின்முன் நின்ற மாலை அது. தம்பி மகளின் செவிலியர் படிப்புக்காக அதை விற்பதா, குலச்சொத்தாகக் காப்பதா என்பதே வழக்கு.

"நாபோத்து தன் முன்னோரின் திராட்சைத் தோட்டத்தை அரசனுக்கே தர மறுத்தானே, சாமி!" என்றார் அண்ணன். மெய்தான். ஆயினும் அவன் காத்தது, வழிவழியாகப் பிள்ளைகளை வாழவைக்கும் நிலத்தை. பெட்டிக்குள் உறங்கும் பொன்னை அன்று.

திருத்தந்தை புனித ஆறாம் சின்னப்பர், மிலான் மக்கள் அன்புடன் அளித்த மும்முடியை 1964 நவம்பரில் ஏழைகளுக்கென்று பீடத்தின்மேல் வைத்தார். அதனால் அம்மக்களின் அன்பு குறைந்துவிடவில்லை; ஏழைகளையும் சென்றடைந்தது.

எனினும் தீர்ப்புக் கூற நமக்கு நா எழவில்லை. நம் அன்னையின் செபமாலையை நாமே இன்றளவும் பிரிந்ததில்லையே! ஆகவே ஒன்று மட்டும் கேட்டோம்: "உங்கள் பாட்டி இன்றிருந்தால், கொள்ளுப்பேத்தி கண் கலங்கி நிற்க, இதைக் கழுத்தில் அணிந்திருப்பாரா?"

அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மாலையைத் தம்பியின் கையில் வைத்தார். "ஒரு காசை மட்டும் நிறுத்திக்கொள். அவள் திருமணத்தன்று தாலிக்கொடியில் கோப்போம்" என்றார்.