புறக்கோட்டையின் பழைய ஆலயம்

கொழும்புப் புறக்கோட்டைக்குச் செல்வோர் பெரும்பாலும் ஏதேனும் வாங்கவோ விற்கவோதான் செல்வர். வண்டிகளின் இரைச்சலும் வியாபாரிகளின் கூவலும் ஓயாத அவ்விடத்திலே, டாம் வீதியில், அமைதியாகச் செவிமடுப்பதற்கென்றே கட்டப்பட்ட ஒரு மண்டபம் இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. ஆசியாவின் மிகப் பழைய மெதடிஸ்த ஆலயம் எனப் போற்றப்படுவது இதுவே.

இதன் வரலாறு கடலிலே தொடங்குகின்றது. 1813ஆம் ஆண்டின் இறுதியில், தொமஸ் கோக் என்னும் முதிய போதகர் ஆறு இளம் மிஷனரிமாருடன் இங்கிலாந்திலிருந்து கப்பலேறினார். 1814 மே 3ஆந் திகதி அவர் கப்பலிலேயே உயிர் நீத்தார். இந்து சமுத்திரமே அவருக்குக் கல்லறையாயிற்று. பயணத்தின் பொருட்பொறுப்பு அவரிடமே இருந்தமையால், பம்பாயில் இறங்கிய இளைஞர் செய்வதறியாது கலங்கினர். அங்கிருந்த வர்த்தகர் ஒருவர் பணங் கொடுத்து உதவினார். ஜூன் இறுதியில் ஐவர் இலங்கைக் கரையை அடைந்தனர். அவர்களுள் மட்டக்களப்புக்குச் சென்ற வில்லியம் ஓல்ட், ஓராண்டு நிறையுமுன்னரே காலமானார்.

பம்பாயில் தங்கிப் பின்வந்த ஹாவார்ட் என்பவரும், அவருடைய தோழர் கிளஃப் என்பவரும் கொழும்பிலே ஆலயப் பணியை மேற்கொண்டனர். 1816 டிசம்பர் 22ஆந் திகதி அது திறக்கப்பட்டது.

லிவர்பூல் நகரத்துப் பிரன்சுவிக் ஆலயமே இதற்கு முன்மாதிரி. ஆசனங்கள் அரைவட்டமாக, ஒன்றன்பின் ஒன்று உயர்ந்து செல்லும்படி அமைக்கப்பட்டன. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்திலே, பிரசங்கஞ் செய்பவரின் குரல் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டுமன்றோ? மெதடிஸ்தருடைய வழிபாட்டிலே பிரசங்கம் பெரும் இடம் பெறுவது. ஆதலால், யாரும் தொலைவில் ஒதுங்கிவிடாது, எல்லோரும் ஒருவர் சொல்லைக் கேட்கத்தக்கதாக அக்கட்டடம் வகுக்கப்பட்டது.

மாணவர்க்கு இன்னொரு செய்தியும் உண்டு. இன்று பேஸ்லைன் வீதியிலுள்ள வெஸ்லி கல்லூரி, 1874 மார்ச் 2ஆந் திகதி இந்த டாம் வீதியிலேயே தொடங்கிற்று. ஜோன் வெஸ்லி மறைந்த நாளும் ஒரு மார்ச் 2ஆந் திகதியே. 1907இல் கல்லூரி புதிய இடத்துக்குப் பெயர்ந்தது, ஆலயமோ பெயரவில்லை.

தலைவரைக் கடலிலும் தோழரை மட்டக்களப்பிலும் இழந்தவர்கள், வந்திறங்கி மூன்றாண்டு நிறையுமுன் எழுப்பிய கட்டடம் இது. அடுத்த முறை புறக்கோட்டைக்குச் செல்லும்போது, வாங்கிய பொருள்களைக் கையிற் பிடித்தவாறே, அதன் முன் ஒரு கணம் நின்று பாருங்கள்.