தக்லோபன்: அலை வடிந்த பின்னர்

பிலிப்பைன்ஸ் நாட்டில் லெய்த்தே, சாமார் என்னும் இரு தீவுகள் அருகருகே அமைந்துள்ளன. அவற்றைப் பிரிப்பது ஒரு குறுகிய நீரிணை. இணைப்பது 1973ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, 2.16 கிலோமீட்டர் நீளமுள்ள சான் ஹுவானிக்கோ பாலம். பாலத்திற்குத் தெற்கே, கடலைத் தொட்டவாறு தக்லோபன் நகரம் விளங்குகிறது. அதன் முன்னே பரந்து கிடக்கும் சான் பெத்ரோ விரிகுடா, புனலைப் போலக் குறுகிக்கொண்டே வந்து நகரில் முடிகிறது. கண்ணுக்கினிய இவ்வமைப்பே ஒருநாள் நகருக்குக் கேடாயிற்று.

2013 நவம்பர் 8ஆம் நாள் காலையில், அந்நாட்டினர் 'யோலாந்தா' என்றழைக்கும் ஹையான் சூறாவளி, ஆழங்குறைந்த அவ்விரிகுடாவினுள் கடல்நீரைத் தள்ளிக் குவித்தது. 5 மீட்டருக்கும் மேலாக எழுந்த நீர் ஊருக்குள் பாய்ந்தது. புயல் தாக்கிய பகுதிகள் அனைத்திலுமாக 6,300 பேர் மாண்டதாகவும், 28,000க்கும் அதிகமானோர் காயமுற்றதாகவும் அரசுக் கணக்கு கூறுகிறது. 'ஸ்டார்ம் சர்ஜ்' வரும் என எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அச்சொல்லின் பொருள் பலருக்கு விளங்கவில்லை. "சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போமே" என்று பின்னர் மக்கள் வருந்தினர்.

அனிபோங் என்னும் கடலோரக் குடியிருப்பில், கரையேறி வீடுகளின்மேல் மோதிய 'ஈவா ஜோசலின்' என்ற கப்பலின் முன்பகுதி இன்று நினைவுச் சின்னமாக நிற்கிறது. கப்பலையே தூக்கி எறிந்த வெள்ளம் மனித உடலை என்ன செய்திருக்கும் என்பதை அதனருகே நின்றால் உணரலாம்.

தகரமும் ஆணியும்

கடற்பெருக்கு தண்ணீராக மட்டும் வருவதில்லை. கூரைத் தகரம், உடைந்த மரச்சட்டம், ஆணி, சாக்கடைச் சேறு அனைத்தையும் சுமந்து வருகிறது. எனவே அது உண்டாக்கும் காயம் சிறியதாகத் தோன்றினும் அழுக்கேறிய காயமாகும். உயிர் தப்பியவர்கள் இடிபாடுகளில் உறவினரையும் உடைமைகளையும் தேடுகையில் மேலும் காயமடைகிறார்கள்.

தக்லோபனில் கடலோரமாயிருந்த அரசு மருத்துவமனையையும் வெள்ளம் விடவில்லை. ஆஸ்திரேலிய மருத்துவக் குழுவினர் விமான நிலையத்தருகே கூடாரம் அமைத்தனர். 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பினர் காற்றடைத்த கூடார மருத்துவமனையை நிறுவினர். அங்கு வந்தோரில் பலர், சில நாட்களாகச் சீழ் பிடித்திருந்த காயங்களோடு வந்தவர்கள்.

இத்தகைய காயத்தை உடனே தைத்து மூடுவது தவறு. உள்ளே அடைபட்ட அழுக்கு தசையை அழிக்கும். நிறையத் தூய நீரால் கழுவி, இறந்த தசையை நீக்கி, திறந்தே வைத்துக் கட்டிட வேண்டும். ஓரிரு நாட்களில் மீண்டும் பார்த்து, சுத்தமாயிருந்தால் நான்கைந்து நாட்கள் கழித்தே தைக்க வேண்டும். ஆகவே நோயாளி திரும்பி வராவிடில் முதல் நாள் சிகிச்சை வீணாகிவிடும்.

ரணஜன்னி பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தலைகாட்டுகிறது. அப்போது காயம் ஆறியதுபோலவும் தோன்றலாம். தாடை இறுகும்போதுதான் ஆபத்து தெரியவரும். முன்பு தடுப்பூசி போடாதவருக்கு ஓர் ஊசி போதாது. இரண்டாவது நான்கு வாரங்கள் கழித்தும், மூன்றாவது குறைந்தது ஆறு மாதங்கள் கழித்தும் தேவை. கடல்நீரை மூச்சில் இழுத்தவருக்கு நிமோனியாவும், வெள்ளத்தில் நடந்தவருக்கு எலிக்காய்ச்சலும் பிறகே வரக்கூடும். எலும்பு முறிந்தவருக்கோ மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

வந்தவர் செல்வர், காயம் இருக்கும்

வெளிநாட்டுக் குழுவினர் சில வாரங்களில் விடைபெற்றுச் செல்வர். என்ன செய்யப்பட்டது, எப்போது மீண்டும் வரவேண்டும் என்று எழுதிய சீட்டு நோயாளியின் கையில் இல்லையெனில், அடுத்து வரும் மருத்துவர் இருளில் துழாவ நேரும். வீடிழந்தவர் வேறிடம் பெயர்ந்தால், அவரைத் தேடிச் செல்லும் செவிலியும் வேண்டும். கடலோரத்துக் குடும்பங்கள் பல, பின்னர் நகரின் வடபகுதியில் கட்டப்பட்ட புதுக் குடியிருப்புகளில் குடியேறின. அரசு மருத்துவமனையும் கடற்கரையை விட்டு வடக்கே கபாலவானுக்கு மாற்றப்பட்டது. நோயாளிகள் பெயர்ந்த திசையிலேயே மருத்துவமனையும் பெயர்ந்தது நலமே.

தக்லோபனுக்குத் தெற்கே பாலோ நகரின் புனித சுவக்கீன் ஆலய முற்றத்தில், மாண்டோர் பலர் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 17 அன்று, மற்றொரு புயலின் மழையில் மஞ்சள் மழையங்கி அணிந்து, தக்லோபன் விமான நிலையத்தில் இம்மக்களுக்காகத் திருப்பலி நிறைவேற்றினார். பேரிடர் நிகழ்ந்து பதினான்கு மாதங்களுக்குப் பின்னர் வந்த அவ்வருகையை அவர்கள் மறக்கவில்லை.

1964இல் தனுஷ்கோடியை இழந்த கரை நம்முடையது. கடலோரப் பங்குகளில் வாழும் குடும்பத்தினர் தடுப்பூசிச் சீட்டை நெகிழித் தாளில் சுற்றி, குடும்ப அட்டையோடு வைத்திருப்பார்களாக. புயலுக்குப்பின் கட்டுப் போட்ட காலோடு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவரை மறுவாரமும், மறுமாதமும் அண்டை வீட்டார் சென்று பார்த்து, மருத்துவரிடம் மீண்டும் அழைத்துச் செல்வார்களாக.