இருபத்தெட்டு நோன்பும் ஓர் உம்ராவும்

காயல்பட்டினத்து உம்மா ஒருவருக்கு ஹஜ் குலுக்கலில் பெயர் விழவே இல்லை. இந்தியாவுக்குச் சவூதி அரேபியா ஒதுக்கும் இடங்கள் 1,75,025. கேட்டு நிற்பவர்கள் எல்லோருக்கும் அது போதாது. ஜித்தாவில் வேலை பார்த்த காலத்தில் வாப்பா அங்கிருந்தபடியே தன் ஹஜ்ஜை முடித்துக்கொண்டார். அப்போது உம்மா கைக்குழந்தையோடு ஊரில் இருந்தார். பிறகு வாப்பா மவுத்தானார், உம்மாவுக்கு மூட்டுவலி வந்தது. கடைசியில் 2025 ரமலான் நெருங்கும்போது மகன் சொன்னான்: "குலுக்கல் வர்றப்ப வரட்டும் உம்மா. நோன்புல உம்ராவுக்குப் போய்ட்டு வருவோம்."

ரமலான் உம்ராவுக்கு ஏன் இவ்வளவு கூட்டம் என்பதற்கு புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் விடை இருக்கிறது. இப்னு அப்பாஸ் அறிவிக்கும் செய்தி அது. மதீனாவின் அன்சாரிப் பெண் ஒருவர் நபியவர்களோடு ஹஜ்ஜுக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று நபியவர்கள் கேட்டபோது அவர் சொன்ன காரணம் ரொம்ப சாதாரணமானது. வீட்டில் இருந்தவை இரண்டே ஒட்டகங்கள். ஒன்றில் கணவரும் மகனும் ஏறிப் போய்விட்டார்கள், மற்றது தண்ணீர் இறைக்க வேண்டும். அப்படியானால் ரமலான் வந்ததும் உம்ரா செய்யுங்கள், அது ஹஜ்ஜுக்கு ஈடு என்று அவருக்குச் சொல்லப்பட்டது. ஈடு என்றால் நன்மையில்தான். ஹஜ் கடமை அதனால் தீராது என்பதில் ஆலிம்களுக்குள் இரண்டு பேச்சு இல்லை. உம்மாவுக்கும் இது தெரியும். "ஃபர்ளு ஃபர்ளுதான் வாப்பா" என்று மகனிடம் சொல்லிவிட்டுத்தான் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கவே போனார்.

ஹஜ்ஜுக்குத் துல்ஹஜ் மாதத்தின் குறிப்பிட்ட நாட்கள். உம்ராவுக்கு அந்தக் கட்டு இல்லை. செய்ய வேண்டியவையும் குறைவு: இஹ்ராம், கஅபாவை ஏழு சுற்று தவாஃப், ஸஃபா மர்வா இடையே ஸஃயி என்ற ஏழு நடை, முடி களைதல். சில மணி நேரத்தில் முடியும். நோன்பு மாதத்தில் மட்டும் இந்தச் சில மணி நேரத்தை எந்த வேளையில் வைத்துக்கொள்வது என்பதே பெரிய கணக்கு.

முதலில் இஹ்ராம். 1995 வரை பம்பாயிலிருந்து ஹாஜிகளுக்குக் கப்பல் ஓடியது. இஹ்ராம் எல்லையான யலம்லம் நேருக்கு வந்ததும் கப்பலிலேயே குளித்து இஹ்ராம் கட்டுவார்கள். இன்று விமானத்தில், எல்லை நெருங்குகிறது என்று அறிவிப்பு வந்த கொஞ்ச நேரத்துக்குள் நிய்யத் வைத்துவிட வேண்டும். மகன் சென்னையிலேயே தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துண்டுகளுக்கு மாறியிருந்தான். குளிர்சாதனக் காற்றில் தோள் நடுங்க உட்கார்ந்திருந்தவனுக்குப் பணிப்பெண் வாசனைத் துடைப்பான் நீட்டினார். உம்மா அவன் கையைத் தட்டிவிட்டார். இஹ்ராமில் வாசனை கூடாது.

மக்கா வந்து சேர்ந்தது லுஹர் நேரம். இளைஞர்கள் சிலர் அப்போதே தவாஃபுக்குக் கிளம்பினார்கள். குழுவை அழைத்து வந்த ஆலிம் உம்மாவைத் தடுத்துவிட்டார். காரணம் வெயில் மட்டும் இல்லை. தவாஃப் முடித்து, மகாமு இப்ராஹீமுக்குப் பின்னால் இரண்டு ரக்அத் தொழுதவுடன் ஸம்ஸம் குடிப்பது வழக்கம். பகலில் நோன்போடு செய்தால், தொண்டை காய்ந்து ஸம்ஸம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே ஸஃயிக்கு நடக்க வேண்டியதுதான். பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னால் பிடிக்க அனுமதி இருக்கிறது. ஆனால் மக்காவில் ரமலானை அடைந்துவிட்டு நோன்பை விட யாருக்கு மனம் வரும்?

அஸர் முடிந்ததும், கஅபா இருக்கும் பெரிய பள்ளியான ஹரமுக்குள் நீள நீளமாக பிளாஸ்டிக் விரிப்புகள் விழுகின்றன. அதன் மேல் பேரீச்சம்பழம், ஸம்ஸம் குவளை, ஏலம் மணக்கும் வெளிர்நிற அரபுக் காப்பி. வரிசையில் உம்மாவுக்கு வலப்பக்கம் ஓர் இந்தோனேசியப் பெண், இடப்பக்கம் நைஜீரியாவிலிருந்து வந்த கிழவி. பாஷை எதுவும் ஒத்துவராமல், கிழவி தன் பழத்தில் கொட்டையை எடுத்துவிட்டு உம்மா கையில் வைத்தார். மணிக்கூண்டின் உச்சியில் விளக்குகள் மின்ன, பாங்கு ஒலித்தது. 601 மீட்டர் உயரக் கட்டடம், கஅபாவைக் குனிந்து பார்ப்பதுபோல் பக்கத்தில் நிற்கிறது. அழகா என்று கேட்டால் இல்லை. ஆனால் கூட்டத்தில் தொலைந்தவர்களுக்கு அதைப்போல வழிகாட்டி வேறு இல்லை.

பழத்தை மென்று முடிப்பதற்குள் ஊழியர்கள் விரிப்பை நான்கு மூலையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சில நிமிடங்களில் தரை மறுபடி தொழுகை வரிசை. ஊரில் அப்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. மகள் கைபேசியில் கூப்பிட்டு, தராவீஹ் முடிந்து கஞ்சியில் மிச்சத்தைச் சூடாக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

தராவீஹில் உம்மாவுக்கு ஓர் அதிர்ச்சி. ஊர்ப் பள்ளிகளில் 20 ரக்அத். ஹரமிலும் அப்படித்தான் இருந்தது. கொரோனா வந்த 2020இல் 10 ஆகக் குறைத்தார்கள், அதன் பிறகு கூட்டவில்லை. "இங்கேயே பத்துதானா?" என்று கேட்டவர், கடைசிப் பத்து இரவுகளில் நள்ளிரவுக்குப் பிறகு நீண்ட தொழுகை தனியாக உண்டு என்று தெரிந்ததும் சமாதானமானார்.

தராவீஹ் கழிந்து தவாஃப். கீழ்த்தளம் இஹ்ராமில் இருப்பவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஹஜருல் அஸ்வத் கல்லுக்கு நேராகச் சுவரில் பச்சை விளக்கு, அங்கிருந்துதான் எண்ணிக்கை. கல்லைத் தொடுவது நடக்கிற காரியமில்லை, தூரத்திலிருந்து கையை உயர்த்தினால் போதும். பகல் முழுதும் வெயில் அடித்த திறந்த முற்றம், ஆனாலும் பாதத்தில் சூடு இல்லை. கிரேக்கத்தின் தாசோஸ் தீவிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பளிங்கு அது, வெயிலை வாங்காமல் திருப்பிவிடும். உம்மா விரலில் தஸ்பீஹ் மணியை நகர்த்திச் சுற்றை எண்ணினார். நாலாவதா ஐந்தாவதா என்று மகனுக்குத்தான் குழம்பியது.

ஸஃபா மர்வாவின் ஏழு நடையும் சேர்த்தால் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். இப்போது அது குளிரூட்டிய நீண்ட கூடம், நடுவில் சக்கர நாற்காலிக்குத் தனிப் பாதை. மூட்டு ஒத்துழைக்காததால் உம்மா நாற்காலியில், மகன் தள்ளினான். பச்சை விளக்குகள் எரியும் பகுதியில் ஆண்கள் ஓட வேண்டும், பெண்களுக்கு ஓட்டம் இல்லை. தாகத்தால் துடித்த குழந்தைக்காக அங்கே ஓடியவர் ஹாஜரா என்ற தாய். அவர் நினைவாக ஆண்கள் ஓடுகிறார்கள் என்பதைக் குழுவிலிருந்த கல்லூரி மாணவி சத்தமாகவே சொன்னாள். ஆலிம் சிரித்துக்கொண்டார்.

மர்வா பக்கம் வெளியே வந்தால் முடிதிருத்தகங்கள் வரிசையாக, நடு இரவிலும் கூட்டமாக. மகன் மொட்டை போட்டுக்கொண்டான். உம்மா அறைக்கு வந்து, பின்னலின் நுனியில் விரல்கணு அளவு கத்தரித்ததோடு உம்ரா நிறைவேறியது. ஹரம் எல்லைக்கு வெளியே உள்ள ஆயிஷா பள்ளி வரை போய் மறுபடி இஹ்ராம் கட்டி இன்னொன்று செய்யலாமே என்று சிலர் துடித்தார்கள். நெரிசலைக் கருதி ரமலானில் ஒருவருக்கு ஓர் உம்ரா போதும் என்று சவூதி ஹஜ் அமைச்சகம் அண்மை ஆண்டுகளில் கேட்டுக்கொண்டு வருகிறது. நுசுக் செயலியில்தான் அனுமதி. ஒருவருக்கு ஒன்று என்பது நல்ல ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். 27ஆம் இரவில் ஹரமைச் சுற்றிய தெருக்களிலும் ஜமாஅத் வரிசை நீண்டதைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

அதன் பிறகு மதீனா. 2018இல் தொடங்கிய ஹரமைன் ரயில் 300 கிலோமீட்டர் வேகத்தில் பாலையைக் கடக்கிறது. மஸ்ஜிதுந் நபவியில் நோன்பு திறப்பு வேறு தினுசு. வாசலிலேயே சின்னப் பையன்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், "எங்கள் விரிப்புக்கு வாருங்கள்" என்று. ஒவ்வொரு விரிப்புக்கும் பின்னால் ஒரு குடும்பம், தலைமுறையாக அதே இடத்தில் விருந்து வைப்பவர்களும் உண்டு. ரொட்டி, தயிர், தயிரில் தூவ துக்கா என்ற மசாலாப் பொடி. உம்மாவுக்கு அந்தப் பொடி பிடித்துப்போய் ஒரு பொட்டலம் வாங்கினார்.

பெருநாள் அங்கேயே வந்தது, சிக்கலும் கூடவே வந்தது. சவூதியில் மார்ச் 1 நோன்பு, 30 பெருநாள். தமிழ்நாட்டில் பிறை ஒருநாள் பிந்தி, மார்ச் 2தான் முதல் நோன்பு. ஊரில் தொடங்கி மதீனாவில் முடித்தவர்களுக்கு மொத்தம் 28. மாதம் 29க்குக் குறையாது, அதனால் ஒரு நோன்பு கடன் என்று ஆலிம் தீர்ப்புச் சொன்னார். ஊர் திரும்பிய கையோடு உம்மா அதைப் பிடித்துவிட்டார். பள்ளியில் கஞ்சி காய்ச்சுவது நின்றுபோயிருந்ததால் அன்று நோன்பு திறக்க இட்லியும் மதீனாவில் வாங்கிய துக்காப் பொடியும். மகன் இன்னும் பாக்கி வைத்திருக்கிறான். அடுத்த ஹஜ் விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும்போதெல்லாம் உம்மா அதைத்தான் முதலில் கேட்கிறார்.