ஊர் மாறிய பந்தயம்

சென்னை ஓப்பன் என்ற பெயரைக் கேட்டால், அது சென்னையிலே பிறந்து சென்னையிலேயே முடிந்த டென்னிஸ் பந்தயம் என்றுதான் எவரும் எண்ணுவர். உண்மை வேறு. 1996இல் அது புதுடில்லியில் தொடங்கிற்று. சுவீடன் நாட்டுத் தாமஸ் என்குவிஸ்ட் முதற் பரிசைத் தட்டிச் சென்றார். மறு ஆண்டே அது சென்னைக்குக் குடிபெயர்ந்தது. தெற்காசிய விளையாட்டு விழாவையொட்டி 1995இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த அரங்கு அதற்கு வீடாயிற்று. 1997 முதல் 2017 வரை, இருபத்தோரு தடவை, அங்கேதான் ஆட்டம்.

தொடக்கத்தில் அதன் பெயர் என்ன தெரியுமா? கோல்ட் ஃபிளேக் ஓப்பன்! மூச்சு வாங்க ஓடியாடும் விளையாட்டுக்குச் சிகரெட்டின் பெயர்! புகையிலை விளம்பரத்துக்குத் தடை வரப்போகிறது என்ற நிலையில், 2001இல் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அடுத்து டாட்டாவின் பெயர் வந்தது. அதற்குப் பின்னரே ஊரின் பெயர் ஏறியது.

ஆஸ்திரேலியப் பந்தயத்துக்கு முன்பாக, ஜனவரியின் தொடக்கத்தில் நடந்ததால், பெரிய ஆட்டக்காரர்கள் கையைப் பழக்கிக்கொள்ள இங்கே வந்தனர். 2008இல் நடால் வந்தார். அரையிறுதியில் தம் நாட்டவரான மோயாவுடன் ஏறக்குறைய நான்கு மணி நேரம் போராடி வென்றார். மறுநாள் இறுதியாட்டத்தில் யூஷ்னியிடம் 6–0, 6–1 என்று தோற்றார். வாவ்ரிங்காவோ நான்கு முறை பட்டம் பெற்றார். இரட்டையர் ஆட்டத்தில் பயசும் பூபதியும் சேர்ந்து ஐந்து முறை வென்றனர்.

எனக்கு நினைவில் நிற்பது 2009. பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. வீட்டில் வெள்ளையடிக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுச் சிற்றப்பா என்னை இறுதியாட்டத்துக்கு அழைத்துப் போனார். (சித்தி அதை இன்னும் சொல்லிக் காட்டுவதுண்டு.) வைல்டு கார்டு பெற்று நுழைந்த சோம்தேவ் தேவ்வர்மன், மோயாவையும் கார்லோவிச்சையும் வீழ்த்தி இறுதிக்கு வந்திருந்தார். சிலிச்சிடம் 6–4, 7–6 என்று தோற்றார். தோற்றவருக்காக அவ்வளவு கைதட்டலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பந்தயம் நடத்துவோர் தம் விருப்பப்படி சிலருக்கு வழங்கக்கூடிய அனுமதிச் சீட்டே வைல்டு கார்டு. உள்ளூரில் பந்தயம் இருந்தால்தான் உள்ளூர் இளைஞருக்கு அந்தக் கதவு திறக்கும்.

2017இல் போபண்ணாவும் சென்னை வீரர் ஜீவன் நெடுஞ்செழியனும் இரட்டையர் பட்டம் வென்றனர். நுங்கம்பாக்கத்தில் அதுவே கடைசி ஆண்டு! காரணம் இதுதான்: பந்தயத்தை நடத்திக் கொடுத்தது தமிழ்நாடு டென்னிஸ் சங்கம், உரிமையோ ஐ.எம்.ஜி. என்ற விளையாட்டு வணிக நிறுவனத்தின் கையில். ஆண்டின் ஒரு வாரம்தான் அங்கே சரக்கு. ஒப்பந்தம் முடிந்ததும் அந்த வாரம் புனேவுக்கு வண்டியேறிற்று.

அதே ஆண்டுதான் நானும் படிக்கப் புனே வந்து சேர்ந்தேன். "உங்கள் பந்தயத்தைப் பறித்துக்கொண்டோம், பார்த்தாயா?" என்று விடுதியில் என் மராட்டிய நண்பன் கேலி செய்வான். கோபம் வந்தாலும் அவனுடன் பாலேவாடி அரங்குக்குப் போகாமல் இருந்ததில்லை. 2019 இறுதியாட்டத்தின் மூன்று செட்டும் டைபிரேக்கில் முடிந்தன. ஆண்டர்சன் வென்றார், எதிர்த்து நின்ற கார்லோவிச்சுக்கு வயது 39! 2023இல் புனேவைச் சேர்ந்த பதினைந்து வயதுச் சிறுவன் மானஸ் தாம்னே வைல்டு கார்டு பெற்று ஆடினான். முதற் சுற்றிலேயே தோற்றாலும் அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. நண்பனின் தொண்டை கட்டிக்கொண்டது.

அதோடு புனேயிலும் முடிந்தது. 2024இல் ஆண்டின் முதல் வாரப் பந்தயம் ஹாங்காங்கில் நடந்தது. நுங்கம்பாக்கத்தில் 2022இலும் 2025இலும் மகளிர் பந்தயம் நடந்தது உண்மை; மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் பழைய ஆடவர் பந்தயம் திரும்பவில்லை.

அந்த ஜனவரியில் ஹாங்காங் ஆட்டத்தை நாங்கள் இருவரும் ஒரே கைப்பேசியில் பார்த்தோம். இந்தமுறை அவன் கேலி எதுவும் செய்யவில்லை. "இனி நம் பையன்களுக்கு வைல்டு கார்டு யார் கொடுப்பார்?" என்று மட்டும் கேட்டான்.