ஓரியின் அம்பும் ஒரு பழைய வேனும்

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாகப் போகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். ஒரே மலைக்கு இத்தனை கொண்டை ஊசிகளா என்று நீங்கள் மலைத்துப் போவீர்கள்! வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை உண்டு. ஏறும்போது குழந்தைகள் அதை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார்கள். இறங்கும்போது படித்தவன் நான். உரக்க அல்ல, மனத்துக்குள்.

முட்டைக்கும் லாரிக்கும் பெயர்போன நாமக்கல்லிலிருந்து அதிகாலையில் கிளம்பினோம். என் தாயார், மனைவி, குழந்தைகள், அக்கா குடும்பம் எல்லோருமாக எட்டுப் பேர். வண்டி என் மாமாவுடைய பழைய டீஸல் வேன். இருபது வயதைத் தாண்டிவிட்ட வண்டி என்றாலும், "இதைப்போல உழைக்குமா புதுசு?" என்பார் மாமா.

சேந்தமங்கலம் நெருங்கும்போது டிரைவர் மெதுவாகச் சொன்னார்: "சார், எஞ்சின் பக்கம் கீச்சு கீச்சுனு சத்தம் வருதுங்க. டைனமோ பெல்ட் தளந்திருக்கும்போல. அஞ்சு நிமிஷம் நிறுத்திப் பாத்துட்டுப் போயிரலாமுங்களா?"

"பனி ஈரத்துக்குக் கத்துகிறது. வெயில் ஏறினால் அடங்கிவிடும். ஓட்டுப்பா" என்றேன் நான். அந்த ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடித்த பெருமை என்னைச் சேர்ந்தது.

மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. எஞ்சின் மட்டும் சூடாகிக்கொண்டே போனது. ஐம்பதாவது வளைவைத் தாண்டியதும் சூடு காட்டும் முள் உச்சிக்குப் போய் நின்றது. நிறுத்தி, ஆற வைத்து, மறுபடி ஏறினோம். "கிழ வண்டி, மூச்சு வாங்குகிறது" என்று சொல்லிச் சிரித்தோம்.

மேலே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. 1,000 மீட்டருக்கு மேல் உயரம். மரங்களில் மிளகுக் கொடி, வழியெல்லாம் பலா, சந்தைக் கடைகளில் மலைவாழைத் தாறுகள். அறப்பளீசுவரரைத் தரிசித்துவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கையில் நனைந்தோம். ஏறி வந்தபோது முழங்கால் பேசிய பாஷையை இங்கே எழுத முடியாது!

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் குழந்தைகளுக்குக் காட்டினேன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். இந்த மலையை ஆண்டவன். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியையும் சாய்த்து, கடைசியில் உடும்பின்மேல் போய்த் தைத்ததாகப் புறநானூறு சொல்லும் கதையையும் சொன்னேன்.

"ஒரே அம்பா? சும்மா சொல்றீங்கப்பா!" என்றாள் என் மகள். அன்று மாலையே நான் அதை நம்பவேண்டி வந்தது.

இருட்டத் தொடங்கியபோது இறங்க ஆரம்பித்தோம். பனிமூட்டம் வேறு. டிரைவர் முன்விளக்கைப் போட்டார். போட்டதுதான் தாமதம், எஞ்சினிலிருந்து வீல் என்று ஓர் அலறல்! விளக்கு மங்கி மஞ்சளாயிற்று. டிரைவருக்கு எதிரே சிவப்புப் பொட்டு ஒன்று எரிந்தது. அறுபத்திரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தவர், மறுபடியும் எழும்பி நின்றாற்போல் மிதித்தார்.

"சார், பிரேக் கல்லாட்டம் இருக்குதுங்க" என்றார். குரல் மாறியிருந்தது.

பின்னால் என் தாயார் முருகனைக் கூப்பிடத் தொடங்கினார். டிரைவர் கெட்டிக்காரர். கியரைக் குறைத்து, எஞ்சினையே தடையாக்கி, அகலமான ஓர் ஓரத்தில் மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். கைப்பேசியில் சமிக்ஞை இல்லை.

பத்து நிமிஷத்தில் கீழிறங்கி வந்த சரக்கு வண்டி ஒன்று நின்றது. அதிலிருந்து இறங்கிய பெரியவர், நாற்பது வருஷம் லாரி ஓட்டியவராம். முன்மூடியைத் திறக்கச் சொல்லி, என் கைப்பேசி விளக்கில் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பெல்ட் அறுந்து போகலீங்க, தொங்குது. டைனமோவைப் புடிச்சிருக்கிற போல்ட் லூசாயிருக்குது, அவ்வளவுதான்."

"அதற்கும் பிரேக்குக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றேன்.

அவர் விரலை மடக்கி எண்ணினார். எஞ்சின் சுழலும்போது இந்த ஒரு பெல்ட்தான் விசிறியைச் சுற்றுகிறது; தண்ணீர் பம்பைச் சுற்றுகிறது; மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பிரேக்குக்குத் துணை செய்யும் வாக்குவம் பம்ப் உட்கார்ந்திருக்கிறது. பழைய டீஸல் வண்டிகள் பலவற்றில் இப்படித்தான். பெல்ட் வழுக்கினால் ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, விளக்கு மங்கும், கடைசியில் பிரேக்கும் கல்லாகும். விளக்கைப் போட்டதும் ஆல்டர்னேட்டருக்குச் சுமை கூடுகிறது. அதனால்தான் அந்த அலறல்.

ஓரியின் அம்பேதான்! என் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டிருந்தாள்.

எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி என் கையில் கொடுத்துவிட்டுத்தான் பெரியவர் வேலையில் இறங்கினார். "பெல்ட்டுக்குள்ள கை இருக்கறப்ப சாவி வண்டியில இருக்கப்படாதுங்க." ஆல்டர்னேட்டரைத் தாங்கும் கீழ் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினார். மேலே, நீளத் துளையுள்ள பட்டையில் இருந்த போல்ட் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. டயர் கழற்றும் லிவரை ஆல்டர்னேட்டரின் முன்பக்கக் கனத்த உடம்பில் கொடுத்து வெளியே நெம்பினார். பின்பக்கத்தில் கொடுத்தால் மூடி உடைந்துவிடுமாம். பிடித்த பிடி விடாமல் டிரைவரை மேல் போல்ட்டை முடுக்கச் சொன்னார். பிறகு கீழ் போல்ட்.

இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பெல்ட் நீளமாக ஓடும் இடத்தில் என் கட்டைவிரலை வைத்து அழுத்தச் சொன்னார். "அரை அங்குலம் அமுங்கோணும். அதுக்கு மேல போனா வழுக்கும். அமுங்காம வெறைச்சு நின்னா பேரிங் போயிரும். கயித்துக் கட்டில் மாதிரிங்க: தொங்கவும் கூடாது, அறுந்து போற மாதிரி இழுக்கவும் கூடாது."

எஞ்சின் உறுமியது. சிவப்புப் பொட்டு அணைந்தது. டிரைவர் பிரேக்கை மூன்று தடவை மிதித்துப் பார்த்து, முகம் மலர்ந்தார். "உள்பக்கம் வழவழன்னு ஆயிருச்சு. நாமக்கல் போனதும் புதுசு மாத்திருங்க. மாத்தின பெல்ட்டும் கொஞ்ச நாள்ல தளரும், மறுபடி ஒருக்கா பாருங்க" என்றார் பெரியவர். பணத்தை நீட்டினேன். "பாட்டியம்மா பயந்து போயிருக்காங்க. முதல்ல அவங்களுக்கு டீ வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுத் தம் வண்டியில் ஏறி, எங்களுக்கு முன்னால் மெதுவாக ஓட்டினார். அவருடைய சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே அறுபத்தொன்றிலிருந்து ஒன்றுவரை எண்ணி முடித்தேன்.

காரவள்ளியில் டீ குடிக்கும்போது டிரைவரிடம், "காலையிலேயே நீ சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும், தம்பி" என்றேன்.

"பரவாயில்லைங்க சார்" என்றார் அவர். "வண்டியும் சொல்லுச்சு, நானும் சொன்னேன். இனிமே ரெண்டு பேர்ல ஒருத்தரு சொன்னாக்கூடக் கேட்டுருங்க!"